பில் வராதது அவமரியாதை இல்லை

நம்ம ஊர்த் தம்பி ஒருவர் வியன்னா காபிஹவுஸில் எடுத்துப் போட்ட ரீலை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். "ஏழு யூரோ கொடுத்து ஒரு காபி. அரை மணி நேரமா ஒருத்தரும் பில் கொண்டு வரல. இதுக்குப் பேர் பாரம்பரியமா?" என்று அந்தத் தம்பி கேட்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். பதினைந்து வருடமாக இந்த ஊரில் இருக்கிறவன், இதற்குப் பதில் சொல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை.

வியன்னா காபிஹவுஸில் பில் தானாக வராது. நீங்கள் கேட்டால்தான் வரும். கேட்காமல் கொண்டுவந்து வைத்தால் 'எழுந்து போ' என்று அர்த்தம். அந்தத் தம்பியை யாரும் கண்டுகொள்ளாமல் விடவில்லை. உட்கார விட்டிருந்தார்கள். 2011-இல் ஆஸ்திரியா தன் தேசிய மரபுப் பட்டியலில் வியன்னா காபிஹவுஸ் பண்பாட்டைச் சேர்த்தது. அங்கே செலவாவது நேரமும் இடமும், பில்லில் ஏறுவது காபி மட்டும் என்றுதான் அதை விவரித்தார்கள். காபியின் ருசிக்காக அது பட்டியலில் ஏறவில்லை. பளிங்கு மேசை, வளைத்த மரத்தில் செய்த தோனெட் நாற்காலி, மரச்சட்டத்தில் மாட்டிய செய்தித்தாள், காபியோடு வெள்ளித் தட்டில் வரும் ஒரு கிளாஸ் தண்ணீர், எல்லாமே நீங்கள் உட்காருவதற்காக.

நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் ஓர் அறையை இன்னொருவரோடு பகிர்ந்திருந்தேன். அவருக்கு இரவு வேலை. பகலில் தூங்குவார். விளக்குப் போட முடியாது, போனில் பேச முடியாது. வெளியே பனி. தெருமுனையில் ஒரு பழைய காபிஹவுஸ். உள்ளே போய் இருப்பதிலேயே விலை குறைந்த கிளைனர் பிரவுனர், அதாவது சின்னக் கோப்பையில் பால் சேர்த்த காபி, ஒன்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை விரித்தேன். மூன்று மணிக்கு உட்கார்ந்தவன், ஐந்து மணிக்குக் கறுப்புக் கோட்டுப் போட்ட வயதான வெயிட்டர் என் பக்கம் நடந்து வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். நான் வளர்ந்த ஊரில் சாப்பிடும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நிற்பார். கிளப்பத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் காலிக் கிளாஸை எடுத்துவிட்டு, தண்ணீர் நிறைந்த இன்னொரு கிளாஸை வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு மணி வரை இருந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அதுதான் என் படிப்பறை. கிளாஸ் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

சரி, விலை. அதிகம்தான், மறுக்கவில்லை. இன்று மாணவனாக வந்திருந்தால் எனக்கே தினமும் கட்டுப்படியாகாது. ஆனால் அந்த ஏழு யூரோவை கும்பகோணம் டிகிரி காபியோடு ஒப்பிடுவது எந்த வகையில் நியாயம்? டிகிரி காபியை ஐந்து நிமிடத்தில் நின்றபடி குடித்துவிட்டு வருகிறோம், அதுவும் எனக்கு உயிர்தான். இங்கே நீங்கள் வாங்குவது ஒரு மதியப்பொழுது. காபி இல்லை, மதியப்பொழுது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன்.

"வெயிட்டர் முறைக்கிறார், நம்ம நிறத்தைப் பார்த்துத்தான்" என்று ரீலின் கீழே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படி நடப்பதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் இடத்தில் பாதி மேசைகள் காலியாக இருந்தும் கழிவறைக் கதவை ஒட்டிய மேசையைத்தான் எனக்குக் காட்டினார்கள். பிறகு அங்கே போகவில்லை. ஆனால் 'ஹெர் ஓபர்' என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டிய அந்த வெயிட்டர்கள் உள்ளூர்க்காரர்களிடமும் சிடுசிடுப்பார்கள். விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ரீலில் தம்பி சொடுக்குகிறார், நன்றாகப் பாருங்கள்.

"காபி என்ன ஐரோப்பாக்காரன் கண்டுபிடித்ததா?" என்றும் கேட்கிறார்கள். இல்லை. யார் சொன்னது? யேமனிலிருந்து மெக்கா, கெய்ரோ, இஸ்தான்புல் வழியாகத்தான் காபியும் வந்தது, உட்கார்ந்து பேசும் பழக்கமும் வந்தது. 1683-இல் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்ற துருக்கிப் படை விட்டுவிட்டு ஓடிய காபி மூட்டைகளை வைத்து கோல்ஷிட்ஸ்கி என்பவர் முதல் கடையைத் திறந்தார் என்று தம்பி சொல்வது பிற்காலத்தில் கட்டிய கதை. அவருக்குச் சிலைகூட இருக்கிறது, ஆனாலும் கதைதான். 1685-இல் இந்த ஊரில் காபி விற்க உரிமை வாங்கியவர் யோஹன்னஸ் தியோதாத்தோ, ஓர் ஆர்மீனியர். வெளியூர்க்காரர் தொடங்கிய பழக்கம் இது. அதனால்தான் எனக்கும் இங்கே ஒரு நாற்காலி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பழைய காபிஹவுஸ் சொர்க்கம் என்றும் நான் சொல்லவில்லை. 1856 வரை பெண்கள் கல்லாவில் மட்டும்தான் உட்காரலாம். அது கேவலம்தான்.

ஆனால் அந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். 1876-இல் திறந்த கஃபே சென்ட்ராலில் ரஷ்யப் புரட்சியாளர் ட்ராட்ஸ்கி சதுரங்கம் ஆடினார். பீட்டர் ஆல்டன்பெர்க் என்ற எழுத்தாளர் தன் முகவரியாக அந்தக் கடையின் பெயரையே கொடுத்தார். வாடகை அறையில் கணப்பு இல்லாதவர்கள், வீட்டில் எழுத மேசை இல்லாதவர்கள். பலர் யூதர்கள். 1938 மார்ச்சில் நாஜிகள் வந்தார்கள். சில நாட்களில், சென்ட்ராலில் எல்லோருக்கும் தெரிந்த முகமான ஏகோன் ஃப்ரீடெல் என்ற எழுத்தாளர், தன்னைத் தேடி வந்தவர்களைப் பார்த்து ஜன்னல் வழியே குதித்து இறந்தார். கடைகள் பறிக்கப்பட்டன. வந்து உட்கார்ந்தவர்களில் சிலர் தப்பினார்கள், பலர் முகாம்களில் செத்தார்கள். போருக்குப் பிறகு கட்டடம் இருந்தது, மேசை இருந்தது, பேச ஆள் இல்லை. ஐம்பதுகளில் ஒவ்வொன்றாக மூடினார்கள். எஸ்பிரெஸோ பார், தொலைக்காட்சி என்று பல காரணங்கள் சொல்வார்கள். எனக்கு அந்தக் காலி நாற்காலிகள்தான் மனதில் நிற்கின்றன.

மிச்சம் இருந்ததைச் சிலர் பிடிவாதமாகக் காப்பாற்றினார்கள். லெயோபோல்ட் ஹவெல்கா 1939-இல் திறந்த கடையில் அவர் மனைவி யோசஃபீனா இரவு பத்து மணிக்கு மேல் சூடாக புக்டெல் பன்களை எடுத்து வருவார். கணவர் நூறு வயது வரை வாழ்ந்து 2011-இல் போனார்.

இதையெல்லாம் ஒரு ரீலுக்காக ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். போன மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கடை என்று எழுத மாட்டேன். பல வருடமாக நான் போகிற இடம். இப்போது வாசலில் போனைத் தூக்கிப் பிடித்தபடி நீண்ட வரிசை. நான் உட்கார்ந்து நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். ஒரு சின்னப் பையன், புதிதாகச் சேர்ந்தவன், வந்து பில்லை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். நான் கேட்கவில்லை. "மன்னிச்சுக்கோங்க, வெளியே ஆட்கள் காத்திருக்காங்க" என்றான். அவன் முகமே சரியில்லை. பணத்தை வைத்துவிட்டு எழுந்தேன். பால் நுரை மிதக்கும் மெலாஞ்ச் காபி பாதி மிச்சம் இருந்தது. தண்ணீரைத் தொடவே இல்லை.

அந்தத் தம்பி இதைப் படித்தால், அடுத்த முறை வரும்போது எனக்கு ஒரு மெசேஜ் போடட்டும். வரிசை இல்லாத கடை இன்னும் நிறைய இருக்கிறது. வாரநாளில், மதியம் மூன்று மணிக்கு மேல். செலவு என்னுடையது. போனை மட்டும் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.