சிரித்து முடித்தாயிற்றா?

அந்தக் காணொளியை எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன். நேற்றிலிருந்து உள்பெட்டி முழுக்க அதுதான். கூடவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும் பொம்மைகள் வேறு.

இன்டர்வியூ ஒத்திகை வகுப்பு. முந்தைய வேலையை ஏன் விட்டாய் என்று பயிற்சியாளர் கேட்கிறார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் விட்டேன் என்று சொல்ல வந்த பையன் "ஐ வாஸ் ஃபயர்டு", அதாவது என்னை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள், என்று ஆரம்பிக்கிறான். தானாக வேலையை விடுவதைச் சொல்லும் ரிசைன் என்ற சொல் அந்த நேரத்தில் அவன் வாய்க்கு வரவில்லை. உடனே இவர், "என்ன தம்பி, எதைத் திருடினாய்?" என்கிறார். வகுப்பே சிரிக்கிறது. பையனும் சேர்ந்து சிரிக்கிறான். அவன் சிரித்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் போகிறவர்கள் போகலாம். வேலை, சம்பளம், வியாபாரம் சம்பந்தமான ஆங்கிலச் சொற்கள் ஒருவருடைய காசோடு கட்டிப்போடப்பட்டவை. அதில் ஒன்று தெரியாமல் போனால் மானம் போகாது, பணம்தான் போகும். அதைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவர் அதை முகப்பூச்சு மாதிரி விற்றுக்கொண்டு, கேட்டவனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்கிறார். எனக்குக் கோபம் வராதா?

சரி, இந்த மனிதர் சம்பளச் சொற்களை எப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார் என்று பார்ப்போமே என்று அவருடைய இன்னொரு வகுப்பையும் உட்கார்ந்து பார்த்தேன். ஆரம்பமே ரோமானியச் சிப்பாய்கள். அவர்களுக்கு உப்பைத்தான் சம்பளமாகக் கொடுத்தார்களாம், அதிலிருந்து சாலரி வந்ததாம். சாலரி என்ற சொல் லத்தீனில் உப்பைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது என்பது உண்மை. ஆனால் சிப்பாய்க்கு உப்பையே அளந்து போட்டார்கள் என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்றும் கிடையாது. அது போகட்டும். அந்தக் கதையை ரசித்து ரசித்துச் சொன்னவர், கிராஸ் சம்பளம் என்றால் என்ன, நெட் சம்பளம் என்றால் என்ன என்று கடைசி வரை வாயே திறக்கவில்லை. அடுத்து சினெர்ஜி, லெவரேஜ், டச் பேஸ் என்று அலுவலகக் கூட்டங்களில் பந்தாவுக்குப் பேசும் சொற்கள். இவற்றைச் சொன்னால் மேனேஜர் அசந்துபோவாராம்.

மேனேஜர் அசரட்டும். நேர்காணலில் ஒரு தொகையைச் சொல்கிறார்களே, அது பெரும்பாலும் கிராஸ். வரி, காப்பீடு, ஓய்வூதியப் பங்கு எல்லாம் கழிப்பதற்கு முந்தைய தொகை. கைக்கு வருவது நெட். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல், சொன்ன தொகையை வைத்து வாடகையும் கடன் தவணையும் கணக்குப் போட்டவர்கள் எத்தனை பேர்? முதல் மாதம் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று அழுகிறார்கள். யாரும் ஏமாற்றவில்லை, காகிதத்தில் எழுதித்தான் இருந்தது. படிக்கத்தான் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெரிய சொற்களைக்கூட விடுங்கள். உண்மையில் பணம் ஒளிந்திருப்பது குட்டிச் சொற்களில். வேலைக்கான விளம்பரத்தில் தொகைக்கு முன்னால் 'அப் டு' என்று ஒன்று நிற்கும். அந்தத் தொகை உச்சவரம்பு, அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று அர்த்தம். ஒப்பந்தத்தில் கம்பெனி போனஸ் கொடுக்க 'ஷல்' என்றிருந்தால் அது கடமை, 'மே' என்றிருந்தால் மனசு வந்தால் கொடுப்பார்கள். 'டிஸ்கிரிஷனரி போனஸ்' என்று அழகாக எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட இதே மனசு வந்தால்தான். 'சப்ஜெக்ட் டு' வந்தால் பின்னால் ஒரு நிபந்தனை வருகிறது, நின்று படி என்று பொருள். இந்த நான்கைந்தை ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் இவற்றை வைத்துக் காணொளி போட்டால் யார் பார்ப்பார்கள்? சினெர்ஜிக்குத்தான் லைக் விழும்.

நோட்டீஸ் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கெல்லாம் தெரிந்த சொல்தான். ஆனால் 'கிவ் நோட்டீஸ்' என்றால் யார் கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஊழியர் கொடுத்தால் ராஜினாமா செய்யப்போகிறார் என்று பொருள், முதலாளி கொடுத்தால் வேலையிலிருந்து எடுக்கப்போகிறார். 'பே இன் லியூ ஆஃப் நோட்டீஸ்' என்றால் அந்த அறிவிப்புக் காலத்துக்கு வேலை செய்ய வேண்டாம், அதற்கான சம்பளத்தை வாங்கிக்கொண்டு போகலாம். இது தெரியாமல், சீக்கிரம் போகச் சொல்கிறார்களே என்ற அவமானத்தில் அந்தப் பணத்தைக் கேட்காமலேயே வந்துவிடுகிறவர்கள் உண்டு.

இங்கே என் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டில் இதைப் பற்றிப் பேசுவதே கிடையாது, ஆனாலும் சொல்கிறேன். அண்ணன் பல வருடம் ஒரே இடத்தில் உழைத்தவர். கடைசி நாளில் ஒரு தாளை நீட்டினார்கள். மேலே 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்'. ஃபுல் தெரியும், ஃபைனல் தெரியும், செட்டில்மென்ட்டும் தெரியும். கிளைக் கணக்கர் "சும்மா ஃபார்மாலிட்டிதான் அண்ணே" என்று சிரித்தபடியே பேனாவைக் கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டார். இனிமேல் எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை, எதையும் கேட்க மாட்டேன் என்று அந்த மூன்று சொல்லும் சேர்ந்து சொல்கின்றன என்பது, வரவேண்டிய ஓவர்டைம் பணத்தைக் கேட்கப் போன பிறகுதான் தெரிந்தது. கையெழுத்தை எடுத்துக் காட்டினார்களாம். ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தார். அவர் ஆங்கிலம் தெரியாதவர் அல்ல, பத்திரிகையெல்லாம் படிப்பார். இந்த மாதிரி ஆங்கிலத்தைத்தான் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரைப் பார்த்தும் யாராவது சிரித்திருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்கிறது.

இப்போது வருவார்கள். "அவர் நகைச்சுவையாகத்தானே சொன்னார், இதற்குப் போய் இவ்வளவு நீளப் பதிவா?" நகைச்சுவையா? அந்தப் பையன் பணம் கட்டி வந்தவன். தப்பாகச் சொல்லத்தான் வகுப்பு. அங்கேயே சொல்லக்கூடாதென்றால் எங்கே சொல்வது, உண்மையான இன்டர்வியூவிலா? சிரித்ததோடு விட்டாரா, வெட்டி எடுத்து, மேலே எழுத்துப் போட்டு, இசை சேர்த்து ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறார். நாளைக்கு அந்தப் பையன் இன்னொரு வகுப்பில் வாய் திறப்பானா? புரியாத சொல் வந்தால் கையைத் தூக்கிக் கேட்பானா? கேட்க மாட்டான். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவான், என் அண்ணனைப் போல. நகைச்சுவை உணர்வு எனக்கும் உண்டு. இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"செல்போனில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறதே, அப்புறம் என்ன?" இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். செயலி உதவும். ஆனால் ரிடண்டன்ட் என்று தட்டினால் தேவையற்ற என்றோ மிகையான என்றோ வரும். பிரிட்டனில் ஒருவருக்கு அப்படிக் கடிதம் வந்தால், அவர் பார்த்த பணியிடமே இனி இல்லை என்று பொருள். அவர் மேல் குற்றம் இல்லை. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் அதற்குச் சட்டப்படி ஒரு தொகையும் உண்டு. ஒழுங்கீனத்துக்காக டிஸ்மிஸ் செய்யப்பட்டவருக்கு அது கிடையாது. தேவையற்றவன் என்று செயலி சொல்லிவிட்டது என்று அழுதுகொண்டே வெளியே வந்தால் அந்தத் தொகையை யார் கேட்பது? அமெரிக்காவில் இதே நிலைமைக்கு லெய்ட் ஆஃப் என்பார்கள். டர்ன்ஓவர் என்றால் பிரிட்டன் கணக்கில் பெரும்பாலும் மொத்த விற்பனை. அமெரிக்காவில் ஊழியர்கள் வருவதும் போவதுமாக இருப்பதைத்தான் அதிகமாக நினைப்பார்கள். கூட்டத்தில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வோம் என்றால் பிரிட்டனில் பேச எடுத்துக்கொள்வது, அமெரிக்காவில் தள்ளிவைப்பது. நேர் எதிர்! ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்குமே இந்தக் குழப்பம் இருக்கும்போது அந்தப் பையனுக்கு ஒரு சொல் தவறக்கூடாதா?

"தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்கு வக்காலத்தா?" போங்கய்யா.

"பட்டியல் போட்டுத் தினமும் மனப்பாடம் செய்தால் வந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருந்தார், பயிற்சியாளரின் மாணவர் என்று நினைக்கிறேன். தம்பி, சாலரி, வேஜ், பே, இன்கம், எர்னிங்ஸ் என்று ஒரே வகைச் சொற்களை வரிசையாக அடுக்கி ஒரே மூச்சில் படித்தால் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். இதை நான் சொல்லவில்லை. சொற்களை எப்படிக் கற்கிறோம் என்று ஆராய்ந்த தாமஸ் டிங்காம் 1993இல் சோதித்துப் பார்த்தார், ராப் வேரிங் 1997இல் திரும்பச் செய்து பார்த்தார். பொருளில் நெருங்கிய புதுச் சொற்களைச் சேர்த்துப் படித்தவர்களுக்கு, தொடர்பில்லாத சொற்களைப் படித்ததைவிட அதிக முயற்சி தேவைப்பட்டது. ஃபயரும் ரிசைனும் குழம்பியதற்கும் இப்படி ஒரு பட்டியல் வகுப்புதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படியென்றால் சிரிக்க வேண்டியது யாரைப் பார்த்து?

பட்டியலே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆங்கில ஆசிரியர் மைக்கேல் வெஸ்ட் 1953இல் சுமார் 2,000 ஆங்கிலச் சொற்களைக் கொண்ட பொதுப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். எந்தச் சொல் அதிகம் புழங்குகிறது, கற்பவருக்கு எது முதலில் உதவும் என்று பார்த்துச் செய்த வேலை அது. அந்தக் கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன். வேலைக்குப் போகிறவருக்கு எது முதலில் உதவும்? அவருடைய சம்பளச் சீட்டு. அவருடைய பணி ஒப்பந்தம். சிறுதொழில் செய்கிறவர் என்றால் கொட்டேஷன், இன்வாய்ஸ், ரசீது இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாடு. என்ன விலை ஆகும் என்று முன்கூட்டிச் சொல்வது ஒன்று, பணம் கொடு என்று கேட்பது ஒன்று, பணம் வந்துவிட்டது என்று ஒத்துக்கொள்வது ஒன்று. இதைக் குழப்பினால் வரவேண்டிய பணம் வராது. இதையெல்லாம் விட்டுவிட்டு லோ ஹேங்கிங் ஃப்ரூட் மாதிரிப் பந்தாச் சொற்கள்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அந்த ஒப்பந்தங்களை ஏன் அப்படி எழுதுகிறார்கள்? இங்கிலாந்தில் கிறிஸ்ஸி மேஹர் என்ற பெண்மணி 1979இல் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் நின்று, புரியாத அரசுப் படிவங்களைக் கட்டுக்கட்டாகக் கிழித்துப்போட்டார். எளிய ஆங்கிலத்துக்கான இயக்கம் அப்படித்தான் ஆரம்பமானது. அமெரிக்காவில் அரசு அலுவலகங்கள் மக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்று 2010இல் சட்டமே போட்டார்கள். ஆங்கிலம் பேசிப் பிறந்தவர்களே எங்களுக்குப் புரியவில்லை என்று தெருவுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் உனக்கு இங்கிலீஷ் வராதா என்று கேட்கவில்லை. நம் ஆள் ஒரு வினைச்சொல்லை மாற்றிச் சொன்னால் மட்டும் திருடன் ஆகிவிடுகிறான். சிரிக்கிறவர்களும் வெளிநாட்டார் அல்ல. எல்லாம் நம் ஆட்கள்தான். நேற்று வரை தாங்களும் தடுமாறியவர்கள்.

அண்ணனிடம் தாளை நீட்டிய கணக்கருக்கு அந்த மூன்று சொல்லும் நன்றாகவே தெரிந்திருக்கும். தெரிந்துதான் ஃபார்மாலிட்டி என்றார். இப்போது யோசித்தால் அந்தச் சிரிப்பும் இந்தக் காணொளிச் சிரிப்பும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்கிறது. பயிற்சியாளர் அவ்வளவு மோசமானவர் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். இன்றைக்கு அதை எடைபோடும் மனநிலையில் நான் இல்லை.

அந்தப் பையனை யாருக்காவது தெரிந்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள். கட்டணம் எல்லாம் வேண்டாம். அவனுடைய ஆஃபர் லெட்டரை எடுத்துவரட்டும், வரிவரியாக உட்கார்ந்து படிக்கலாம்.

பின்னூட்டத்தில் பாடம் எடுக்க வருகிறவர்களும் தாராளமாக வாருங்கள். வரும்போது உங்கள் கடைசிச் சம்பளச் சீட்டில் ஒய்டிடி என்று ஒரு கட்டம் இருக்குமே, அது என்னவென்று முதலில் எழுதிவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள். கூகுள் பார்க்கக்கூடாது.