முகாம் நாளும் முகூர்த்த நாளும்

போன வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு பையன் வந்தான். காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். சோனாங்குப்பத்துப் பிள்ளை. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். இவன் அரசுக் கல்லூரியில் டிகிரி முடித்துவிட்டான். ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தேன்.

"என்.சி.சி. சர்டிபிகேட் இருக்காடா?"

"ரெண்டு வருசம் பரேடு போனேண்ணே. சர்டிபிகேட் இல்ல."

கை அப்படியே நின்றுவிட்டது. காவலர் தேர்வில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) சான்றிதழுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. ஒரு மார்க்கில் வேலை கைநழுவிப் போனவர்களை இந்தக் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். என்.சி.சி.யின் 'பி' சான்றிதழ்த் தேர்வு எழுத, பத்து நாள் முகாம் ஒன்றுக்காவது போயிருக்க வேண்டும். இவனுக்கு முகாம் வந்தது வைகாசியில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அது பழைய கடனுக்கே போய்விடும். அந்த இரண்டு மாதமும் வீட்டில் உலை வைப்பது, இவன் திருவந்திபுரம் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிக் கொண்டுவரும் காசில்தான். முகூர்த்த நாளில் அந்த ஊர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், தெருவெல்லாம் மாலையும் கழுத்துமாகத்தான் இருக்கும். மண்டபத்துக்கு மண்டபம் ஆள் தேடுவார்கள். முகாம் நடந்த பத்து நாளில் நாலு முகூர்த்தம். அதை விட்டுவிட்டுப் போடா என்று யார் வாயால் சொல்வது?

இதில் யாரையும் குறை சொல்ல வழியில்லை என்பதுதான் எரிச்சல். சீருடை கொடுத்தார்கள், பூட்ஸ் கொடுத்தார்கள், முகாமில் மூன்று வேளையும் சாப்பாடு. ஒரு பைசா கட்டணம் கிடையாது. காகிதத்தில் பார்த்தால் எல்லாமே இலவசம். ஆனால் அவன் வீட்டுக் கணக்கில் பத்து நாள் கூலி போகிறது. அந்தக் கூலிக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை. போக முடியாத பிள்ளைக்கு முதலில் முகாம் போச்சு, அப்புறம் மார்க்கும் போச்சு.

என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) கதையும் கிட்டத்தட்ட இதேதான். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். நம் ஊரில் மட்டுமில்லை, இங்கிலாந்தில் 1956ல் இளவரசர் பிலிப் இளைஞர்களுக்காக ஆரம்பித்த எடின்பரோ கோமகன் விருது என்று ஒன்று இருக்கிறது. 14 வயது முதல் 24 வரை, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி. சேவை, திறன், விளையாட்டு, சாகசப் பயணம் எல்லாம் உண்டு. அருமையான யோசனை. சனி, ஞாயிறு சும்மா இருக்கிற பிள்ளைகளுக்கு!

"மனசு வெச்சா முடியாதா?" என்று கமெண்டில் ஒருவர் வருவார், தெரியும். அண்ணே, அவன் மனசு வைத்துத்தான் இரண்டு வருடம் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு பரேடுக்குப் போனான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது.

அரசுக்கு இது ஒன்றும் மலையைப் பிளக்கிற வேலை இல்லை. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,000 ரூபாய் இந்தப் பிள்ளைகள் கணக்குக்கு வருகிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண் 2022லேயே வந்துவிட்டது. வங்கிக் கணக்கு கையில் இருக்கிறது, யார் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்ற விவரமும் இருக்கிறது. முகாமுக்குப் போகிற நாட்களுக்கு நாள் கூலி மாதிரி ஒரு தொகையை அதே கணக்கில் போடலாமே. கருணையாக வேண்டாம், படியாகக் கொடுங்கள். அதிகாரிகள் வெளியூர் போனால் பயணப்படி வாங்குகிறார்களா இல்லையா? கடலோர மாவட்டங்களுக்காவது முகாமைத் தடைக்காலத்துக்கு வெளியே தள்ளி வைக்கலாம். அதற்குக் காசு கூடத் தேவையில்லை.

விண்ணப்பத்தில் 'இல்லை' என்று டிக் பண்ணி அனுப்பிவிட்டேன். அவன் தம்பியும் கூடவே வந்திருந்தான், கல்லூரியில் முதல் வருடம். "நான் என்.சி.சி. சேரட்டுமாண்ணே?" என்றான். கடைச் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் கழற்றி, வைகாசியில் எத்தனை முகூர்த்தம் வருகிறது என்று மூன்று பேரும் எண்ண ஆரம்பித்தோம்.