12 பேர், 2 ஜீப், ஒரே பைனாகுலர்

குடும்பத்தோடு, குழந்தை குட்டிகளோடு காட்டில் விலங்கு பார்க்கப் போகிறோம். வெயில் ஏறுமுன் விலங்கு அதிகம் நடமாடும். சரி, 5.30க்கு காட்டு வாசலில் நிற்க, 4 மணிக்கு வாண்டுகளை யார் எழுப்புவது? எழுப்பினால் ஒரு ஷூவைக் காணோம். கிளம்பும்போது "ஒண்ணுக்கு வருதா?" என்றால் வராது, இறங்கவே கூடாத பாதையில் ஜீப் நுழைந்த பத்தாவது நிமிடம் வரும். மான் இரண்டு காதையும் தனித்தனியாகத் திருப்பிக் கேட்கிற பிராணி. அதன் பக்கத்தில் போய் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பார் பெரியப்பா. (குழந்தைகளையாவது மன்னிக்கலாம்.) பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்து "யானை எறும்பாட்டம் இருக்கு" என்னும் ஒரு வாண்டு. பிடுங்கி ஃபோகஸ் திருகுவதற்குள் யானை புதருக்குள். 2 கிலோமீட்டர் "எளிய நடை"யாம், யாருக்கு? அரை கிலோமீட்டரில் பிள்ளை தோளில். கடைசியில் எது பிடித்ததென்று கேட்டால், விடுதி வாசல் அணில்!