வண்டியை எடுங்க சாமி

சத்தியமங்கலம் காட்டுக்குள் போகும் ஆசனூர் ரோட்டில் காரை ஓரங்கட்டி யானைக்குக் கரும்பு நீட்டிய அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'ஜீவகாருண்யம்' என்று கீழே புகழாரம் வேறு. நல்லா இருங்க சாமி.

காட்டு ரோட்டில் வண்டியை நிறுத்தாதீர்கள். இதைச் சொன்னால், 'கரும்பு லாரிக்காரன் போடலையா?' என்கிறார்கள். போடுகிறான், தப்புதான். காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் அதிகமாக ஏற்றிய கரும்பை உருவி எறிந்து எறிந்துதான் யானை லாரியை மறிக்கப் பழகியது. இப்போது நீங்கள் காருக்கும் பழக்குகிறீர்கள். நாளைக்கு அது, கரும்பே இல்லாமல் பைக்கில் வருகிறவனை மறிக்கும். அவன் எங்கள் ஊர்க்காரனாக இருப்பான்.

2022-ல் உயர் நீதிமன்றம் இதே ரோட்டில் பண்ணாரி முதல் காரப்பள்ளம் வரை இரவுப் போக்குவரத்தைத் தடுக்கச் சொன்னபோது, மலைமேல் இருக்கும் தாளவாடிக்காரர்கள் நாங்கள் போராடினோம். 'அது விலங்குகளின் வீடு, நீங்கள்தான் அனுசரிக்கணும்' என்று நகரத்திலிருந்து பாடம் எடுத்தார்கள். சரி, அனுசரித்தோம். என் சித்தப்பாவின் முட்டைக்கோஸ் வண்டி ஒருநாள் நேரம் தப்பி ஆசனூரிலேயே நின்றுவிட்டது. விடிந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கி மண்டிக்குப் போனால் ஏலம் முடிந்திருந்தது. மேலிலை வாடியதைக் காட்டி அடிமாட்டு விலை கேட்டார்கள். கொடுத்துவிட்டு வந்தார். அதே சித்தப்பாதான் போன மாதம் ஒரு காரின் கண்ணாடியைத் தட்டி, "தம்பி, குட்டியோட நிக்குது, வண்டிய எடுப்பா" என்றார். "ஒன் மினிட் அங்கிள்" என்று பதில். செல்போன் கீழே இறங்கவே இல்லை.

'யானை குறுக்கே நின்றால் என்ன செய்வது?' தூரத்திலேயே நிறுத்திக் காத்திருங்கள். கரும்போடு கிட்டே போவதும் அதுவும் ஒன்றா?

'நீங்கள்தானே காட்டை ஆக்கிரமித்தது?' வந்துவிட்டார்கள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் 2013-ல் அறிவிக்கப்பட்டது. என் தாத்தா அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே ராகி விதைத்தவர். பட்டா இருக்கிறது, ஜெராக்ஸ் வேண்டுமா?

'சுற்றுலாவால் உங்களுக்கு வருமானம்தானே?' ரிசார்ட்டுக்கு வருமானம். எங்கள் வயலுக்கு வருவது, உங்கள் கையில் ருசி கண்ட யானை. பரணில் உட்கார்ந்து விடிய விடியத் தகரம் தட்டுவது நாங்கள். மறுநாள் காலையில் மிதிபட்ட கோஸைப் போட்டோ எடுத்து இழப்பீட்டுக்கு மனு எழுதுவதும் நாங்கள்.

அடுத்த முறை கரும்பு வாங்கும் காசுக்குப் பண்ணாரியிலேயே டீ குடித்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நேராகச் சாம்ராஜ்நகர் போய்ச் சேருங்கள். யானை பட்டினி கிடக்காது, பயப்படாதீர்கள்.