ஜன்னல் இருக்கு, திறக்காது

வெளியே செம்பனைத் தோட்டத்துக் காற்று சும்மா வீசுது. ஜன்னல் திறக்காத எங்க கட்டடத்துக்குள்ள, ஏர்கோன் குளிர்ல, நாங்க குளிர்சட்டைக்குள்ள முடங்கிக் கிடக்கோம். மலேசியாவில் இருக்கிற நம்ம சுங்கை சிப்புட்டுக்கு எதுக்கு இந்தக் கண்ணாடிப் பெட்டி? குளிரைக் குறைக்கச் சொன்னா, "நம்ம கையில இல்லலா, எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்கிறார் மெயிண்டனன்ஸ் அண்ணன். மழை பெய்து ஊரே குளிர்ந்தாலும் அந்த ஆட்டோமேட்டிக்குக்கு உறைக்காது.

இதே நாட்டில்தான், சுபாங் ஜெயாவில், 1992-லேயே மெனாரா மெசினியாகா கோபுரத்தைக் கட்டினார் கட்டடக் கலைஞர் கென் யாங். 15 மாடி. லிஃப்ட் கூடம், படிக்கட்டு, கழிவறை மூன்றுக்கும் இயற்கைக் காற்றுதான். ஜெர்மனியில், ஃபிராங்ஃபர்ட்டின் கோமெர்ஸ்பேங்க் கோபுரத்திலும் தானியங்கி உண்டு. ஆனால் வானிலை மோசமானால்தான் அது ஜன்னலைப் பூட்டும், மற்ற நேரம் ஊழியர்களே திறந்துக்கலாம். நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு ஏர்கோன் வேணும்தான், சரி. கழிவறைக்குமா?