விசிறி சுற்றுவது மட்டும் சான்றாகாது
கணினி இயங்காதபோது, அதற்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான பவர் சப்ளையைக் கழற்றி, அதன் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்ததும் அதன் விசிறி சுற்றினால் பவர் சப்ளையில் பழுதில்லை, எரிந்தது மதர்போட்தான் (பாகங்கள் அனைத்தும் இணையும் முதன்மைப் பலகை) என்று சகோதரர் ஒருவர் எழுதியிருப்பது தவறான முடிவு. பவர் சப்ளை இயங்கத் தொடங்குகிறது என்பதை மட்டுமே அச்சோதனை காட்டும். சுமை ஏறும்போதும் அதன் 12 வோல்ட் வழி 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்கிறதா என்பதை மல்டிமீட்டரால் அளந்தே அறியலாம். மட்டக்களப்பிலிருந்து மதர்போட்டைப் பழுதுபார்க்கக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதற்கு முன், கருகிய வாடையோ தடமோ இல்லையெனில், நல்லதென்று தெரிந்த வேறொரு பவர் சப்ளையை, சிபியு (மையச் செயலி) அருகிலுள்ள 8 முனை இணைப்பையும் மறவாமல் செருகி, பொருத்திப் பாருங்கள். புதிதாகப் பூட்டிய கணினியில் அந்த இணைப்பு விடுபட்டிருந்தாலும் விசிறி சுற்றும், திரை மட்டும் வராது. ஆனால் ஒரு பவர் சப்ளையின் கழற்றக்கூடிய வயர்களை மற்றொன்றில் தயவுசெய்து மாட்டாதீர்கள். முனைகளின் ஒழுங்கு வேறுபட்டால் நல்ல பாகங்களும் எரிந்துவிடும்.