‘பாசிட்டிவ்’ வந்தால் இதய ஆபரேஷன் கிடையாதா?

“பைபாஸுக்கு முன் ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) பார்ப்பார்கள். பாசிட்டிவ் வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.” சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் தவறு. அஸ்தம்பட்டியில் எங்கள் தெருப் பெரியவர் இதை நம்பி அட்மிஷனையே தள்ளிப்போட்டார்.

2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி, சம்மதம் வாங்காமல் எச்.ஐ.வி. சோதனை கூடாது. எச்.ஐ.வி. தொற்றைக் காட்டிச் சிகிச்சையை மறுக்கவும் கூடாது. தொற்று புதிதென்றால் சோதனையில் சிக்காமலும் போகும். அதனால்தான் எல்லா நோயாளிக்கும் ஒரே எச்சரிக்கை: கையுறை, கண்ணாடி, ஊசியைக் கைக்குக் கை நீட்டாமல் தட்டில் வைத்து எடுப்பது.

சரி, டெஸ்ட் எதற்கு? தவறி ஊசி குத்திவிட்டால் டாக்டருக்கோ நர்ஸுக்கோ உடனே தடுப்பு மருந்து தர. கல்லீரல் ரொம்பக் கெட்டிருந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகலாம், அது வேறு கணக்கு. ஹெபடைடிஸ் சி-க்கு இப்போது பெரும்பாலும் 12 வார மாத்திரை போதும்.